‘என்னடா இது, யானையா?’

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் க்ரேயானைக் கொடுத்தால் அது முதலில் வாய்க்குத்தான் போகும். போகட்டும், பக்கத்தில் இருந்தால் போதும். கடித்து, தரையில் தட்டி, தூக்கிப் போட்டு, எப்போதோ ஒரு நொடியில் காகிதத்தில் ஒரு கோடு விழும். குழந்தை கோட்டைப் பார்க்கும், கையைப் பார்க்கும், திரும்பவும் கோட்டைப் பார்க்கும். கை நகர்ந்துவிட்டது, ஆனால் கோடு அங்கேயே இருக்கு.

கையை ஆட்டுவதில்தானே அதற்குச் சந்தோஷம் என்று தோன்றலாம். 1968-ல் ஜேம்ஸ் கிப்சனும் பட்ரிஷியா யோனாஸும் சின்னக் குழந்தைகளுக்குத் தடம் பதிக்காத கோல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கை அதே மாதிரிதான் ஆடலாம், கோடு மட்டும் விழாது. கிறுக்குவது சட்டென்று குறைந்துவிட்டது. ஆக, தான் இருந்ததற்கு ஓர் அடையாளம் மிஞ்சுவதுதான் விஷயம்.

இந்த இடத்தில்தான் நாம் உள்ளே வருகிறோம். “என்னடா இது, யானையா?”

பிரெஞ்சு தத்துவவாதி லூக்கே தன் மகள் வரைந்ததை வருஷக்கணக்கில் கவனித்தவர். குழந்தை எதையும் நினைத்து வரையத் தொடங்குவதில்லை, கிறுக்கி முடித்த பிறகு தற்செயலாக அதில் ஒரு சாயலைக் கண்டுபிடிக்கிறது என்று 1927-ல் வந்த புத்தகத்தில் எழுதினார். அந்தக் கண்டுபிடிப்பு குழந்தையுடையது. நம் கேள்வி அதை முந்திக்கொள்கிறது. குழந்தை நம் முகத்தைப் படிக்கும். “யானை” என்றால் அம்மா கை தட்டுகிறாள். நாளைக்கு எல்லாமே யானை. பொய் சொல்கிறது என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் தன் கோட்டை நம் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறது. ரெண்டு வயசில் இது நடந்தே ஆகணுமா?

அதற்காகக் கேட்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். யாருமே எட்டிப் பார்க்காத வீட்டில் கிறுக்கும் குழந்தையின் நிலை இதைவிட மோசம். பேச்சே இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்கிறது. விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோமே, அதிலும் எனக்குப் புகார் இல்லை. ‘அ’ ஊரின் சொத்து. எந்தக் குழந்தையும் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது கையைப் பிடித்துத்தான் ஆகணும். கிறுக்கல் அப்படி இல்லை. (பைத்தியத்துக்கும் இதற்கும் தமிழில் கிட்டத்தட்ட ஒரே சொல். வைத்தவருக்குக் குழந்தை இருந்திருக்குமா தெரியவில்லை.) கை பிடித்துச் சூரியனும் மலையும் வரைய வைக்கும்போது, ஊரின் சொத்தையே இன்னொரு தடவை கொடுக்கிறோம். அதை எல்.கே.ஜி. எப்படியும் கொடுத்துவிடும்.

“யானையா?” என்பதற்குப் பதிலாக “இங்க சுத்திச் சுத்திப் போயிருக்கே” என்று சொல்லலாம். கண்ணில் தெரிவதை மட்டும். இதையும் டெக்னிக்காகச் செய்தால் குழந்தை கண்டுபிடித்துவிடும். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் ஒரு கோடு போடலாம், அதன் காகிதத்தில் இல்லை, நம்முடையதில்.

சுவர் வேறு விவகாரம். வாடகை வீட்டில் ‘இங்கே வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அது இடத்துக்குப் போடும் எல்லை, அர்த்தத்துக்கு அல்ல. குழந்தையின் உயரத்துக்குப் பெரிய சார்ட் பேப்பரை ஒட்டிவிடலாம். கோடு அதன் ஓரத்தைத் தாண்டி ரெண்டு அங்குலம் சுவரிலும் போகும். ஈரத்துணியால் துடைத்தால் பாதி போகும்.