பிட்டும் மௌனமும்

வகுப்புத் தோழர் ஒருவர் தேர்வில் காப்பியடிப்பதைக் கண்ணால் கண்ட மாணவர் அதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமா என்னும் கேள்விக்கு மொழி முன்கூட்டியே ஒரு விடையை வைத்திருக்கிறது. கோள் சொல்லுதல், போட்டுக் கொடுத்தல், காட்டிக் கொடுத்தல் என வழங்கும் சொற்கள் யாவும் சொன்னவரையே குற்றவாளியாக்குபவை. கண்டதை உரிய இடத்தில் சொல்பவருக்கென்று பள்ளி வளாகத்தில் புழங்கும் நல்ல சொல் ஒன்றும் இல்லை. ஆயினும், திருக்குறள் தனி அதிகாரம் ஒதுக்கிக் கடியும் புறங்கூறுதல் என்பது, ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழித்து, எதிரில் நயந்து பேசும் இழிவே ஒழிய, மூன்றாமவருக்கு நேரும் இழப்பைத் தடுக்கச் சொல்லப்படும் உண்மை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் மௌனம் நட்பின் இலக்கணமாக மதிக்கப்படுகிறது.

அந்த மூன்றாமவர் யார் என்பதைத் தமிழ்நாட்டின் பிளஸ் டூ பொதுத்தேர்வில் தெளிவாகவே காணலாம். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டபின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்து, படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் 15 நிமிடம் ஒதுக்கியபின் எழுதத் தொடங்கும் அறையில், ஜாமெட்ரி பாக்ஸின் அடியில் விசிறிபோல் மடித்து வைத்த உள்ளங்கையளவு பிட்டைப் பார்த்து இயற்பியலில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் விடையை எழுதியவருக்குக் கட்-ஆஃப்பில் இரண்டரை மதிப்பெண் கூடிவிடுகிறது. அரை மதிப்பெண்ணுக்கே கல்லூரியும் பாடப்பிரிவும் கைமாறும் கலந்தாய்வில், அதனால் பின்தள்ளப்படுபவர் வேறொரு மாவட்டத்தில் இருப்பார். தாம் இழந்ததை அவர் ஒருநாளும் அறியப்போவதில்லை. பள்ளியளவில் முடிந்துபோகும் அரையாண்டுத் தேர்வில் இத்தகைய இழப்பு இல்லை. அங்கே தோழரைத் தனியே அழைத்து இடித்துரைப்பதே போதும்.

எனினும், இழப்பு உண்டு என்பதாலேயே கண்காணிப்பின் சுமையை மாணவர் தோளில் ஏற்றிவிட முடியாது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கழகத்தில், ஏமாற்றுபவரைப் பொறுத்துக்கொள்வதும் ஏமாற்றுவதற்கு நிகரான குற்றம் என்பது மாணவர் நெறி. அந்நெறி இருந்தும் 1976-இல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மின்பொறியியல் தேர்வொன்றில் நடந்த முறைகேட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. வயதுவந்தோரிடத்திலேயே தடுமாறிய ஒரு விதியைப் பதினேழு வயதினரிடம் கட்டாயமாக்குவது சரியாகாது. அறைக் கண்காணிப்பாளரும் பறக்கும் படையும் பிறகு எதற்கு?

தண்டனையின் அளவும் இங்கே எடைபோடப்பட வேண்டியது. பொதுத்தேர்வில் பிடிபட்டால் தேர்வு ரத்தாவதோடு மேற்கொண்டு தேர்வெழுதத் தடையும் வரக்கூடும். ஓராண்டையே பறிக்கக்கூடிய சொல்லை, அரைகுறையாகக் கண்டதை வைத்துச் சொல்லிவிடலாகாது. ஆனால், வினாத்தாளே முன்கூட்டி விலைக்கு வந்து அலைபேசியில் சுற்றுமானால், அது தோழர் ஒருவரின் பலவீனமாக இல்லாமல் வியாபாரமாகிவிடுகிறது. அப்போது மௌனத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. தேசிய அளவிலான தேர்வுகளுக்கென 2024-இல் இயற்றப்பட்ட முறைகேடு தடுப்புச் சட்டமும் கடுஞ்சிறையைத் தேர்வர்களுக்கு வைக்காமல், இவ்வாறு தொழிலாக நடத்துபவர்களுக்கே வைத்திருக்கிறது.

பிட் அளவிலான குற்றத்துக்கு இடைவழி ஒன்று உண்டு. பெயரைக் குறிப்பிடாமல், குறிப்பிட்ட அறையில் கண்காணிப்பு தளர்ந்திருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் தெரிவித்தால், அடுத்த தேர்வன்று ஜாமெட்ரி பாக்ஸ்கள் திறந்து பார்க்கப்படும். தோழர் இழப்பது பிட்டை மட்டுமே. இதைக் கோழைத்தனம் என்பாரும் உளர். முன்பே எழுதி முடித்த விடைத்தாளின் இரண்டரை மதிப்பெண்ணை இவ்வழி யாருக்கும் மீட்டுத் தராது என்பதால், அவர்கள் சொல்வதை முழுவதும் தள்ளிவிடவும் இயலவில்லை.