தியாகமா, சூதா?

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களே முதலில் நகர்கின்றன. கறுப்புக் காய்களை ஆடுவோர் ஒரு நகர்வு பின்தங்கியே போரைத் தொடங்குகின்றனர். பின்தங்கியவர் பொறுமையோடு காத்து நின்று, முதலில் சமநிலையை அடைய முயல்வதே முறை என்பர் பலர். ஆயினும், தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைத் தாமே முன்வந்து பலிகொடுத்து, அவ்விழப்புக்கு ஈடாகத் தாக்கும் வாய்ப்பைக் கைப்பற்றும் முறைகளும் கறுப்புக்கு உண்டு. இவை அறிவின்பாற்பட்ட துணிவா, அன்றி எதிரியின் பிழையை நம்பும் சூதா? இவ்வினா ஆட்டப் பலகையோடு முடிந்துவிடுவதன்று. தியாகம் என்னும் பெயரால் மனிதர் செய்யும் யாவற்றையும் இது தொடுகின்றது.

திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, ஒரு வினையில் இறங்குமுன் செலவையும் வரவையும் இறுதியில் நிற்கும் பயனையும் எடைபோடச் சொல்கின்றது. நாளைய ஊதியத்தை நம்பி இன்றைய முதலைத் தொலைப்பதை வள்ளுவர் ஏற்பதில்லை. பினாங்குத் தீவின் பழைய வணிகர்க்கும் இது தெரிந்த பாடமே. ஜார்ஜ் டவுன், பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், முதலை வெளியே விடாமல் ஊதியம் இல்லை என்பதையும், ஆராயாமல் விட்ட முதல் வீடு திரும்பாது என்பதையும் ஒருங்கே அறிந்திருந்தனர். ஆகவே, விலக்கத்தக்கது இழப்பு அன்று. எண்ணிப் பாராத இழப்பே.

எண்ணிச் செய்த இழப்புக்கு ஒரு தமிழரின் ஆட்டமே சான்றாக நிற்கின்றது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஜெர்மனியின் பான் நகரில், விசுவநாதன் ஆனந்துக்கும் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்குக்கும் உலக வாகையர் போட்டி தொடங்கியது. மூன்றாம் ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். 1924ஆம் ஆண்டு இத்தாலியின் மெரான் நகரில் அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடி வென்றதால் பெயர்பெற்ற மெரான் முறையை அவர் மேற்கொண்டார். அதிலும் மிகக் கூரிய கிளையொன்றைத் தேர்ந்தார். அரசனைக் கோட்டைக்குள் ஒளிக்காமல் நடுவிலேயே நிறுத்தினார். ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்தார். ஈடாக, அவருடைய யானையும் அமைச்சரும் வெள்ளை அரசனின் இருப்பிடத்தைக் குறிவைத்தன. வெற்றி ஆனந்துக்கே கிட்டிற்று. ஐந்தாம் ஆட்டத்திலும் அவர் அதே முறைக்குத் திரும்பினார். பதினைந்தாவது நகர்வை மட்டும் மாற்றி ஆடி மீண்டும் வென்றார். 11 ஆட்டங்களில் 6½–4½ என்னும் கணக்கில் வாகையர் பட்டம் அவரிடமே நின்றது. அத்துணிவின் பின்னே அவரும் துணைவர்களும் ஆராய்ந்த பல மாத உழைப்பு இருந்தது.

வென்றமையாலேயே அம்முறை சரியானது என்று கூறிவிடலாமா? அவ்விரு ஆட்டங்களிலும் கிராம்னிக் பிழை செய்தார் என்பது மறுக்கவொண்ணாதது. எனவே, வெற்றி ஒன்றே சான்றாகாது. தோல்வியும் அவ்வாறே. 1918ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிராங்க் மார்ஷல், கறுப்புக்குரிய புதிய பலிமுறை ஒன்றைக் காப்பபிளாங்காவுக்கு எதிராக ஆடித் தோற்றார். அன்று அம்முறையைப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. 1965ஆம் ஆண்டு போரிஸ் ஸ்பாஸ்கி அதனை மிகயில் தாலுக்கு எதிராகக் கையாண்டார். கணினிகள் துருவி ஆராய்ந்த பின்னரும், மார்ஷல் முறையில் கறுப்பு சமநிலையைக் காக்கின்றது. அதனைத் தவிர்ப்பதற்கென்றே வெள்ளைக்குத் தனி வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. தோற்றவன் கொண்ட கருத்து தோற்கவில்லை.

இதற்கு மாறானது லாட்விய முறை. இரண்டாம் நகர்விலேயே கறுப்பு தன் அரசனின் காவலைத் தளர்த்திச் சிப்பாயைப் பணயம் வைக்கின்றது. மறுமொழி அறியாதவர் அதில் சிக்கித் தோற்பதுண்டு; அறிந்தவரோ எளிதில் மேலோங்குவர். இங்கே ஓர் அளவுகோல் புலப்படுகின்றது. எதிரி யாவற்றையும் அறிந்து, மிகச் சிறந்த விடையைத் தந்தபோதும் நிலைத்து நிற்கும் பலியே நேர்மையான பலி. எதிரியின் அறியாமை ஒன்றையே முதலாக வைத்து நடத்தும் வாணிபம் சூதேயாகும்.

இன்னுமொரு வேறுபாட்டையும் மாணவர் மறத்தலாகாது. பலகையிலுள்ள சிப்பாய் மரத்துண்டு. அதனிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. மனிதர் அத்தகையவரல்லர். தோட்டத்துத் தாய் ஒருத்தி தன் கழுத்து நகையை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தால் அது தியாகம். தனக்குரியதை அவளே கொடுத்தாள். தம் பெயர் உயர்வதற்காகப் பிறருடைய உழைப்பையும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அதனையே தியாகம் என்று மேடையில் முழங்குவோரும் உளர். அவர்கள் மனிதரை மரத்துண்டாக எண்ணியவர்கள். கணக்குச் சரியாக இருந்தாலும் அங்கே அறம் இல்லை.

இவ்விரு அளவுகளையும் வீட்டருகே பொருத்திப் பார்க்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தைக் கூடுதல் பாடமாக எடுக்கும் மாணவர், ஓய்வு நேரத்தையும் சில வேளைகளில் உயர்ந்த தேர்ச்சி என்னும் உறுதியையும் பலிகொடுக்கின்றார். இதனை வீண்துணிவு என்று தடுக்கும் பெற்றோரும் உண்டு. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. மேற்படிப்புக்கான இடம் மதிப்பெண்ணைச் சார்ந்தே கிட்டுகின்றது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி இது: வினாத்தாள் மிகக் கடினமாக அமைந்து, எதிர்பார்த்த தேர்ச்சி கிட்டாமற்போனாலும் அம்மாணவரிடம் எஞ்சுவது என்ன? ஈராண்டு கற்ற மொழியும், கவிதையைப் படித்துப் பொருள் காணும் பயிற்சியும், அவற்றால் விரிந்த சிந்தையும் எஞ்சும். மிகச் சிறந்த எதிர்விடைக்கும் ஈடுகொடுக்கும் பலி இது. குறித்துக் கொடுத்த சில வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்து, அவையே வரும் என்று தேர்வு மண்டபத்துள் நுழைபவரோ, லாட்விய முறையை ஆடுகின்றார்.

எனினும், அம்முடிவை மாணவரே அறிந்து எடுத்தல் வேண்டும். பள்ளியின் புகழுக்காக அவரை அதில் தள்ளுதலும், வெறும் எண்ணிக்கைக்காக அவரை அதிலிருந்து விலக்குதலும் அவரைச் சிப்பாயாக்கும் செயல்களே. செலவையும் வரவையும் ஒளிவின்றி எடுத்துரைத்துவிட்டு, நகர்வை அவரிடமே விட்டுவிடுவது ஆசிரியரின் கடன்.