சுவருக்குள் மறைந்திருக்கும் ஹிம்சை

குளிர் மிகுந்த தேசங்களில் வீடு கட்டுகிறவர்கள், வெளிச்சுவருக்கும் உட்பலகைக்கும் நடுவிலும், கூரைக்கும் மச்சுக்கும் இடைப்பட்ட வெளியிலும், உள்ளே மூட்டிய கணப்பின் சூடு வீணே கரைந்து போகாதிருக்கும் பொருட்டு ஏதேனும் ஒரு பொருளை அடைத்து வைக்கிறார்கள். வெப்பக்காப்பு என்று சொல்லப்படும் அப்பொருள், அடைத்து மூடிய பின்னர் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் அங்கே வாழ்கிறவர்களின் மூச்சுக்கு மிக அருகிலேயே அது பல்லாண்டு குடியிருக்கிறது. எந்தப் பொருள் நல்லது என்பதைப் பொறியியல் வல்லுநரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால், என் வீட்டின் சுகத்துக்காக, நான் ஒருபோதும் கண்டிராத ஒருவனுடைய சுவாசகோசம் சிதையுமானால், அந்தப் பாவத்தில் எனக்குப் பங்குண்டா என்னும் கேள்வி தர்மத்தைச் சார்ந்தது; அதற்கு விடை சொல்லவேண்டியவர் வீட்டுக்கு உடையவரே.

இக்கேள்வியை ஜைன தரிசனம் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்று வினையை மூன்றாகப் பகுத்து, மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்று அது போதிக்கிறது. துறவிக்கு மகாவிரதத்தை விதித்த அந்தச் சமயமே, சமைத்தும் வீடு கட்டியும் வாழவேண்டிய இல்லறத்தானுக்கு அணுவிரதத்தை வகுத்து, அவன் காரியங்களில் தவிர்க்கவொண்ணாமல் நேரும் தீங்கை ஆரம்ப ஹிம்சை என்று பெயரிட்டு, அதை இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ளப் பணிக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் என்னும் ஜைன நூலில் அதன் ஆசிரியர் உமாஸ்வாதி ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிரமாதத்தின் வசப்பட்டு உயிருக்கு ஊறு விளைத்தலையே ஹிம்சை என்கிறார். நம் பேச்சு வழக்கில் சிறப்பைக் குறிக்கும் பிரமாதம் என்னும் சொல்லுக்கு அங்கே விழிப்பின்மை என்பது பொருள்.

இந்த இலக்கணத்துக்குக் கல்நாரின் சரித்திரத்தைவிடத் துயரமான உதாரணம் இல்லை. தீயில் வேகாது, சூட்டைக் கடத்தாது, விலையும் மலிவு என்னும் குணங்களால் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் இக்கல்நார் உலகெங்கும் வீடுகளுக்குள் புகுந்தது. கல்நார் ஆலையில் உழைத்து மடிந்த ஒரு பெண்ணின் நுரையீரலில் அதன் துகள்கள் படிந்திருந்ததை 1924-இலேயே ஆங்கில மருத்துவர் ஒருவர் எழுதினார். 1964-இல் இர்விங் செலிகாஃப் என்பவரும் அவருடைய துணைவர்களும், வெப்பக்காப்பு வேலை செய்த 632 தொழிலாளரை ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோயால் அவர்களுள் இறந்தவர்கள் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்று காட்டினார்கள். இவ்வளவும் தெரிந்த பின்னரும், 1968 முதல் 1979 வரை, ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பெராவில் சுமார் 1,000 வீடுகளின் மச்சுகளில் கல்நார்ப் பஞ்சு நிரப்பப்பட்டது. பின்னர் ஒருமுறை துப்புரவு செய்தும் துகள்கள் எஞ்சி நின்றமையால், 2014-இல் அரசாங்கமே அவ்வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துவிடத் தீர்மானித்தது. தாம் செய்யாத பிழைக்காகக் குடும்பங்கள் வீட்டைத் துறந்தன. சுவாசத்தில் கலந்த கல்நார் இருபது, முப்பது, சில சமயம் ஐம்பது ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுகிறபடியால், செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவரையொருவர் அறியாமலே போகிறார்கள்.

கல்நாரை விலக்கிய பின் வேறு எதை அடைப்பது என்றால், முற்றிலும் குற்றமற்ற பொருள் ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பஞ்சு நிரப்புகிறவனின் தோலையும் கண்ணையும் உறுத்துகிறது; ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு, 2001-இல் அதைச் சந்தேகத்துக்குரிய பொருள்களின் வரிசையிலிருந்து விடுவித்தது. பாலியூரித்தேன் நுரை குறைந்த கனத்தில் மிகுந்த காப்பைத் தருகிறது. ஆனால் தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி தொழிலாளருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அந்நுரை எரியும்போது நச்சுப்புகையும் கிளம்புகிறது. 2017 ஜூன் 14-ஆம் நாள் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 பேரைக் கொன்ற தீ, வெளிப்புறத் தகடுகளின் வழியே பரவியபோது, அவற்றின் பின்னே இருந்த நுரைப்பலகைகளும் எரிந்தன. பழைய செய்தித்தாளை அரைத்துப் போரான் உப்புச் சேர்த்த காகிதப் பஞ்சு, கழிவைப் பயனாக்குகிறது. நிரப்பும்போது தூசியைத் தடுக்க முகமூடி வேண்டும். போர்ச்சுகலில் விளையும் தக்கையோ, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்து மரத்தை உயிரோடு விட்டுவைக்கும் முறையால் கிடைப்பது. நீராவியில் சூடேறும்போது தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்வது. நுரையளவு காப்பு வேண்டுமானால் அதிகக் கனமும் அதிகச் செலவும் ஆகும்.

இத்தனை தொல்லை எதற்கு, காப்பே வேண்டாம் என்பதும் அஹிம்சை ஆகாது. காப்பில்லாத வீடு மிகுதியான விறகையும் எண்ணெயையும் விழுங்கிப் புகையாக்குகிறது. குளிரில் முதியோர் மடிகிறார்கள். செயலை விட்டொழிப்பதால் பாவம் ஒழிவதில்லை. கண் திறந்து செய்வதால்தான் குறைகிறது.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்கள் நின்றுவிட்டபோதிலும், இறக்குமதியாகும் கல்நாரால் செய்த கூரைத் தகடுகளின் கீழ் ஏழை மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். கல்நார்த் தொழிலாளரின் ஆரோக்கியம் அவர்களுடைய ஜீவ உரிமையைச் சேர்ந்தது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், எழுப்பாமல் எவனேனும் விழுந்தால் பழி அவ்வீட்டையே சாரும் என்று விவிலியத்தின் உபாகமத்தில் ஒரு விதி இருக்கிறது. விழப்போகிறவன் யார் என்று தெரியாமலே அவனைக் காப்பதுதான் அவ்விதியின் உயிர். ஆகையால், வீடு கட்டும் அன்பர்களே, சுவரை மூடுமுன் கேளுங்கள்: இதைச் செய்தவன் எதைச் சுவாசித்தான்? நிரப்புகிறவன் எதைச் சுவாசிக்கிறான்? தீப்பிடித்தால் உள்ளிருப்பவர் கதி என்ன? நாளை இடிக்க வருகிறவனுக்கு என்ன காத்திருக்கிறது? கேட்டறிய வழியிருந்தும் கேளாமலிருப்பது பிரமாதம். அதன் பலன் ஹிம்சையே.