பந்தியில் யாருக்கு இடம்?

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று 2021-இல் நரிக்குறவப் பெண் ஒருவர் முறையிட்டார். அக்டோபரில் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அவரோடு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கோயில் சோற்றுக்கு யார் உரியவர் என்ற கேள்வி அத்தோடு தீரவில்லை. அளவாகச் சமைப்பதை எல்லோருக்கும் எப்படிப் போடுவது என்பார்கள். நியாயம்தான், ஆனால் முந்தி வந்தவருக்கு டோக்கன் கொடுத்தால் போதும், ஆளைப் பார்த்து எழுப்ப வேண்டியதில்லை. பக்தருக்கு மட்டுமே பிரசாதம் என்றால், பெருமாளுக்குப் படைத்த சோற்றை ஒருவருக்கு மறுக்கப் பரிமாறுபவருக்கு ஏது பாத்தியதை? 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டார். வாசலில் நீட்டும் பொட்டலமும் வயிற்றை நிரப்பும். ஆனால் காசில்லாதவரை உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்கும்போதுதான் அன்னதானம் வழிபாடாகிறது.