ஆணம் பிழையா?

மந்தைவெளியில் எமது இல்லத்துக்கு அருகே வாழும் காயல்பட்டினத்துக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தன் கட்டுரை ஏட்டை எம்மிடம் கொணர்ந்தாள். “உம்மா மீன் ஆணம் ஆக்கினார்கள்” என்று எழுதியிருந்தாள். ‘ஆணம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘குழம்பு’ எனத் திருத்தியிருந்தார் ஆசிரியர். “ஹஜ்ரத், எங்கள் வீட்டில் பேசுவது தமிழ் இல்லையா?” என்று வினவினாள்.

உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. நாமும் சிவப்பு மை ஏந்தியவர்களே. மத்ரஸாவில் நஹ்வு கற்பிக்கையில் ஈற்றுக்குறி ஒன்று பிறழினும் பொறுப்பதில்லை, பொறுக்கவும் கூடாது. திருக்குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 3-ஆம் வசனத்தை ஒருவர் குறி மாற்றி ஓத, இறைவன் தன் தூதரையே கைவிட்டதாகப் பொருள் கெட்டதாம். அது கேட்டு நடுங்கியே அபுல் அஸ்வத் அத்துஅலீ இலக்கணம் வகுக்க முனைந்தார் என்பது மரபுச் செய்தி. அங்கே திருத்தம் பொருளைக் காத்தது. ஆணத்தைக் குழம்பாக்கியதால் காக்கப்பட்ட பொருள் யாது?

வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்கிறது தொல்காப்பிய மரபியல். 1647-இல் பிரெஞ்சு மொழிக்கு நெறி உரைத்த வோஜ்லா என்பாரும், அரசவையின் சிறந்த பகுதியினர் பேசுவதே நல்வழக்கு என்றார். உயர்ந்தோர் யாவர் என்பதில்தான் சிக்கல். குலத்தாலா, செல்வத்தாலா, கல்வியாலா? தெருவுக்குத் தெரு விடை மாறும். ஆயினும் அதே தொல்காப்பியர், செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த 12 நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் எனப் பெயரிட்டுச் செய்யுளுக்குள்ளேயே இடமளித்தார். செய்யுள் ஏற்கும் திசைச்சொல்லைச் சிறுமியின் ஏடு ஏற்கலாகாதோ? உமறுப் புலவர் 17-ஆம் நூற்றாண்டில் அரபுச் சொற்களை விருத்தத்தில் அமைத்துச் சீறாப்புராணம் பாடினார். அவர் ஏடு இவ்வாசிரியர் கைக்கு அகப்படாதது நம் நற்பேறு!

பக்தாதில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கும் நினைவுக்கு வருகிறது. தேளையும் குளவியையும் ஒப்பிடும் வாக்கியமொன்றின் இறுதிச் சொல் எவ்வேற்றுமையில் நிற்க வேண்டும் என்று, அமைச்சர் யஹ்யா பர்மகீயின் அவையில் ஸீபவைஹியும் அல்-கிஸாயீயும் வாதிட்டனர். ஒரு வடிவமே சரி என்றார் ஸீபவைஹி; இரண்டும் ஆகும் என்றார் கிஸாயீ. பாலைவனத்து அரபிகளைச் சாட்சியாக அழைத்தனர். அவர்கள் கிஸாயீயின் பக்கம் நின்றனர். கிஸாயீயோ கலீஃபாவின் மைந்தர்களுக்கு ஆசான். அப்பதவிக்கு அஞ்சியோ, கையூட்டுப் பெற்றோ அவர்கள் அவ்வாறு கூறினர் என்பர். ஸீபவைஹி மனமுடைந்து நகர் நீங்கினார், நெடுநாள் வாழவில்லை. வழக்கைப் பரந்த மனத்துடன் ஏற்றவர் கிஸாயீயே. எம் உள்ளமும் அக்கொள்கைக்கே சாயும். எனினும் அந்த வெற்றியை எம்மால் கொண்டாட முடியவில்லை. மக்கள் பேச்சைச் சான்றாக அழைத்துவிட்டு, அவர்கள் நாவை அதிகாரம் வளைத்தால், அது வழக்கும் அன்று, இலக்கணமும் அன்று.

ஆசிரியரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அயலூரார்க்கு எழுதும் மடலில் ‘குழம்பு’ என்பதே விளங்கும். தேர்வுத்தாளிலும் அதுவே மதிப்பெண் தரும். அதனைச் சிறுமிக்கு எடுத்துரைத்தோம். ஆனால் அவளோ, அன்றிரவு பாட்டியார் “ஆணம் ஊற்றவா?” என்றபோது, அது தப்புச் சொல் என்று மறுத்துக் கூறினாளாம். பாட்டியார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம்.

வரும் திங்களன்று சொல்லதிகாரப் பிரதியுடன் அவ்வாசிரியரைக் காணச் செல்கிறோம்.