நோன்பு மேசையில் பேய்க்கணவாய்

உயிர்த்த ஞாயிறுக்கு 48 நாள் முன்பு வரும் தூய திங்களன்று கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தவக்காலம் தொடங்குகிறது. அன்று கிரேக்கத்தின் கடலோர டவேர்னா உணவகங்களில் கூட்டம் நிரம்பி வழியும். கரியில் சுட்டு வினிகர் தெளித்த பேய்க்கணவாய், கணவாய், இறால், மட்டி, மீன்சினையை அரைத்துச் செய்யும் தரமோசலாட்டா, அந்த நாளுக்கென்றே சுடும் லகானா என்ற தட்டை ரொட்டி என்று நோன்பின் முதல் நாளிலேயே மேசை நிறைந்துவிடுகிறது. இறைச்சி, பால், முட்டை கூடாது. மீனும் கூடாது, மார்ச் 25-இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கும் குருத்தோலை ஞாயிறுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் இரத்தமற்றவை என்று கருதப்படும் கடலுயிர்களுக்குத் தடையே இல்லை. அப்படியானால், ஒரு சாதாரண மத்தி மீனை ஒதுக்கிவிட்டுச் சிங்கி இறாலை ருசிப்பவர் நோன்பு இருக்கிறாரா?

இந்த விதியின் அடிப்படையே தவறு என்று சிலர் சொல்லக்கூடும். விலங்குகளை இரத்தமுள்ளவை, இரத்தமற்றவை என்று பிரித்த அரிஸ்டாட்டில், பேய்க்கணவாயையும் நண்டையும் சிப்பியையும் இரண்டாவது வகையில் வைத்தார். பேய்க்கணவாய்க்கு மூன்று இதயங்கள் உண்டு, செம்பு கலந்த நீல இரத்தம் உண்டு என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஆட்சேபம் விதியை வீழ்த்திவிடவில்லை. நோன்பு விதி உயிரியல் பாடம் நடத்த வந்ததில்லை. ஒரு கோட்டைப் போட்டு, ஊரே சேர்ந்து அதற்கு இப்பால் நிற்கச் சொல்கிறது. படகும் வலையும் இல்லாதவர்கூடப் பாறையிடுக்கில் மட்டியையும் பேய்க்கணவாயையும் பிடித்துவிடலாம். எளியவர்களுக்கும் எட்டிய உணவை விட்டுவைத்ததால் அந்தக் கோடு யாரையும் வதைக்கவில்லை. விதியை உண்மையில் ஆட்டம் காண வைத்தது அறிவியலைவிட விலைதான். இன்று பேய்க்கணவாய் மலிவான பண்டம் இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகவும் வருகிறது. எடை போட்டு விற்கும் சிங்கி இறாலோ பல மீன்களைவிட விலை கூடியது.

இங்கே பழைய கிறிஸ்தவம் வைத்திருந்த அளவுகோலைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்', நோன்பு நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அத்துடன், வழக்கமாக ஆகும் சாப்பாட்டுச் செலவைக் கணக்கிட்டு, மிஞ்சும் பணத்தைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுத்துவிடச் சொல்கிறது. கி.பி. 387-இல் அந்தியோக்கியாவில் தவக்காலப் பிரசங்கங்கள் செய்த ஜான் கிறிசோஸ்டமும், உணவை மட்டும் விலக்குபவரின் நோன்பை முழு நோன்பாக ஏற்கவில்லை. தட்டில் இருப்பது என்ன என்பதோடு, தட்டுக்கு வெளியே யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதும் இவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அப்படியென்றால் உணவு விதியே எதற்கு, நல்ல எண்ணம் போதாதா என்று கேட்கலாம். போதாது என்றே நினைக்கிறேன். எண்ணத்துக்கு நாள் கிடையாது, கூட்டாளி கிடையாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று எளிதில் தள்ளிப் போய்விடும். தூய திங்களன்று தெரு முழுவதும் இறைச்சியை விடுவதால்தான், மன உறுதி குறைந்தவரும் அதைத் தாங்குகிறார். அந்த மேசையின் மகிழ்ச்சியையும் நான் குறை சொல்லமாட்டேன். முகத்தை வாட வைத்துக்கொண்டு நோன்பைக் காட்ட வேண்டாம் என்பது இயேசுவின் போதனைதானே. அயலாரோடு பகிர்ந்து உண்ணும் ஒரு தட்டுப் பேய்க்கணவாய் நோன்பைக் கெடுத்துவிடாது. பொதுவான விதி நம்மை வாசல்வரை கூட்டிச் செல்லும். உள்ளே போவது அவரவர் செலவுக் கணக்கைப் பொறுத்தது. சட்டப்படி பார்த்தால் சிங்கி இறாலும் நோன்பு உணவுதான். ஆனால் அதற்குக் கொடுத்த பணம் வழக்கமான சாப்பாட்டுச் செலவைத் தாண்டி, ஏழைக்கென்று ஒரு காசும் மிஞ்சவில்லையென்றால், அன்று அதை உண்டவர் நோன்பு இருக்கவில்லை.