கேட்டது மட்டும் போதுமா?



நான் மின்பொறியியல் மாணவன். போன வருஷம் ஒரு தொழிற்சாலையில் 12 வாரம் இண்டர்ன்ஷிப் செய்தேன். தினமும் லாக் புக் எழுத வேண்டும். நானோ வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து, ஐந்து நாளுக்கும் சேர்த்து, 'பராமரிப்புப் பணியில் உதவினேன்' என்று எழுதிவிடுவேன். நம்மில் பலர் அப்படித்தானே?

ஏழாவது வாரம். ஒரு பம்ப் மோட்டாரைக் கழற்றச் சொன்னார்கள். பிரேக்கரை ஆஃப் செய்தேன், பூட்டும் போட்டேன். வயர்ப் பெட்டியைத் திறந்து கை வைக்கப் போனேன். "தம்பி, மீட்டர் வச்சுப் பாத்தியா?" என்றார் கூட இருந்த டெக்னீஷியன் அண்ணன். பார்க்கவில்லை. அவர் பார்த்தார். 400 வோல்ட்! நான் அணைத்தது பக்கத்துப் பம்பின் பிரேக்கரை.

அண்ணன் திட்டவில்லை. "மொதல்ல கரண்ட் இருக்குற இடத்துல மீட்டர சோதி. அப்புறம் வேல செய்யுற இடத்துல. மறுபடியும் கரண்ட் இருக்குற இடத்துல. ஏன்னு நீயே யோசி" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வீட்டில் அம்மா முகம்தான் கண்ணில் நின்றது. லாக் புக்கை எடுத்து முதல்முறையாக உண்மையை எழுதினேன். எழுதும்போதுதான் புரிந்தது: நடுவில் மீட்டர் கெட்டுப்போயிருந்தால், அது காட்டும் பூஜ்யம் பொய். அதற்குத்தான் மூன்றாவது சோதனை.

வேடிக்கை என்னவென்றால், இதை நான் வகுப்பில் கேட்டவன். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியவன்.

ஞானத்துக்கு நான்கு படிகளைச் சொல்கிறது அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார்: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல். நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் என்னை இரண்டாம் படிக்கு ஏற்றினார். ஏன் என்று விளங்கியது மூன்றாம் படி. இன்று யாரும் சொல்லாமலே என் கை மீட்டரைத் தேடுகிறது. நிட்டை என்பது இறைவனிடம் நிலைத்து நிற்பது. அதோடு இதை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் கேட்டது நம்மில் நிலைக்க வேண்டுமானால் வழி இதுதான் என்று மட்டும் தெரிகிறது.

ஆகவே நண்பர்களே, இரவு திருநீறு பூசி சாமி கும்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் உட்காருங்கள். இன்று எங்கே தவறினேன்? ஏன் தவறினேன்? நாளை எதை மாற்றுவேன்? மூன்றையும் எழுதுங்கள். லெக்சரருக்காக வேண்டாம், உங்களுக்காக எழுதுங்கள். கூட வேலை செய்பவரின் உயிருக்காகவும் எழுதுங்கள்.

திருச்சிற்றம்பலம்.